இணைப்பு பதினொன்று

கடிதம் வந்தபோது ஆலை ஓடவில்லை.
ஆடிக் காற்று மிச்சச் சக்கையை வாரி
வாடிப்பட்டி ரோட்டில் போகிறவர் கண்ணில்
தூவிக்கொண்டிருந்தது.
ஒரு பக்கக் கடிதம் என்று நினைத்தார் பொது மேலாளர்.
திருப்பிப் பார்க்கவில்லை.

'பிப்ரவரி ஒன்பது. மாலை ஆறு முதல் எட்டு.
அறிவித்த பதினெட்டு மெகாவாட்
ஒன்பதாகக் குறைந்த காரணம் யாது?
பதினைந்து நாளுக்குள்,
உறுதிமொழிப் பத்திரத்துடன்.'

ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நாளைத்
தொண்ணூற்றாறு கரணையாக நறுக்கி வைத்திருக்கிறது.
கரணைக்குக் கால் மணி.
எங்களிடம் கேட்டது எட்டே எட்டு,
எழுபத்துமூன்றிலிருந்து எண்பது வரை.
மீட்டர் கணக்கு அவர்களிடமே இருக்கிறது.
அன்று மாலை சந்தையில் யூனிட் பத்து ரூபாய்க்குப் போனது
அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
முதலாளிக்கு ராமநாதபுரம் பக்கம்
எரிவாயுவில் ஓடும் இன்னொரு நிலையம் உண்டென்பது
தெரியாமலா இருக்கும்?
விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு
பேனாவை மட்டும் நம் கையில் தருகிறார்கள்.

எழுபத்தைந்தாம் கரணையில் நான்
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நின்றிருந்தேன்.
கரண்ட் போய்
பேட்டரியும் தீர்ந்த தராசு செத்துக் கிடந்தது.
செல்போன் வெளிச்சத்தில் கையால் அள்ளி
நூறு கிராம் என்றாள் பூக்காரி.
தை மாத மல்லி, தங்க விலை.
நம்பி வாங்கினேன்.
இருட்டியது எங்கள் ஒன்பது மெகாவாட்டாலா,
ஏதாவதொரு அணிலாலா,
இன்றுவரை தெரியாது.

வரதராஜுலு கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"ரெண்டாம் பாய்லர்ல குழாய்க் கசிவு. அவ்வளவுதான்.
கேட்டதுக்கு மட்டும் பதில்.
ஒரு வரி கூடவும் வேண்டாம்மா, குறையவும் வேண்டாம்."

பழுதுப் பதிவேடு வந்தது.
வெல்டர் பெயர், கம்பிக் கணக்கு,
முடித்த நேரம், மேற்பார்வை ஒப்பம்.
எட்டு மாதப் பதிவேட்டில்
அந்த ஒரு பக்கத்தில் மட்டும்
எண்ணெய்க் கறை இல்லை.

கடிதத்தின் பின்பக்கம் இருந்தது பட்டியல்.
பதினொன்றாவது:
'கொதிகலன் நீர்ப் பரிசோதனைத் தாள், மணிவாரியாக.'
என் ஒன்பது வருடத்தில்
அந்தத் தாளை யாரும் கேட்டதில்லை.
தண்ணீர் பார்ப்பவர் ஒச்சுக்காளை அண்ணன்,
ஒப்பந்தக் கூலி.
மணிக்கொரு தரம் குவளையில் பிடித்து
காரம் பார்த்து, அழுத்தம் பார்த்து,
தாளின் மறுபக்கம் தடம் விழ எழுதுவார்.
ஆறு மணி: அறுபத்துநாலு.
ஏழு மணி: அறுபத்துநாலு.
எட்டு மணி: அறுபத்துநாலு.
ஓரத்தில், யாரும் கேட்காமலே:
'ஆவிய மேல தொறந்து விட்ருக்காக.
காது அடைக்குது.'

குழாய் கசிந்தால் அழுத்தம் நிற்காது.
இது எனக்கே தெரியும்.
நான் பி.காம்.

கேட்டதுக்கு மட்டும் பதில்.
பதினொன்றையும் கேட்டிருந்தார்கள்.
ஸ்கேன் செய்தேன்.
மறுபக்கத் தடம்கூட நிழலாக விழுந்தது.
மொத்தம் இருபத்திரண்டு பக்கம்.
வரதராஜுலு முதல் மூன்றைப் புரட்டிவிட்டு
கையெழுத்துப் போட்டார்.
ஒப்புகை எண் வந்தது.
சமயநல்லூர் தாண்டும்வரை
பஸ் கம்பியில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.
அப்புறம் நன்றாகப் பசித்தது.

மூன்றாம் வாரம் அடுத்த கடிதம்:
'இணைப்பு பதினொன்றை எழுதியவர்
முழுப் பெயர். பணி. கைபேசி எண்.
தற்போது பணியில் உள்ளாரா?'

நான்கு கட்டம்.
பெயரை எழுதும்போதுதான் உறைத்தது
இத்தனை நாள்
நான் எண்களை மட்டுமே அனுப்பியிருந்தேன்.

மூன்றை நிரப்பினேன்.
நேற்றுக் கேட்டிருந்தால்
நான்காவதில் 'ஆம்' என்று எழுதியிருப்பேன்.
இன்று காலை கேட்டருகே
அவர் சைக்கிள் இல்லை.
வருகைப் பதிவில் அந்த வரிசை
ஸ்கேல் வைத்து அடித்திருந்தது.

'இல்லை' என்று எழுதினேன்.
ஓரத்தில், யாரும் கேட்காமலே,
தேதியைப் போட்டேன்.